பழைய ஸ்டீரியோ வாங்கப் போகிறீர்களா? மெக்கானிக்கிலிருந்து தொடங்குங்கள்

1970, 80களில் வந்த ஆம்ப்ளிஃபையர், மரப்பெட்டி ஸ்பீக்கர், ரெக்கார்டு பிளேயர் இவற்றை வாங்கி வீட்டில் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்த ஆசை வந்தபோது வரிசையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. கடைக்காரர் சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தார். இணையத்தில் கிடைத்த அறிவுரை எல்லாம் அமெரிக்காவுக்குப் பொருந்துவது. அங்கே 120 வோல்ட் மின்சாரம், குளிர்ந்த காற்று, தபாலில் வந்துசேரும் உதிரிபாகங்கள். இங்கே 230 வோல்ட், கடற்காற்று, கரையான், எலி. ஆகவே நம் ஊர் நிலவரத்தை வைத்தே சொல்கிறேன். நான் அலைந்தது சென்னையில். மதுரை, கோவைக்காரர்கள் தெருப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை ஏறும், பிறகு விற்கலாம் என்ற கணக்கில் இதற்குள் வராதீர்கள். பாட்டுக் கேட்பதற்காக மட்டும் வாங்குகிறவருக்குத்தான் இந்தச் செலவு கட்டுப்படியாகும்.

1. பொருளுக்கு முன் மெக்கானிக்

எல்லோரும் பொருளை வாங்கிவிட்டு மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். நாற்பது வயதான ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்கு வந்த சில மாதங்களில் ஒருமுறையாவது மெக்கானிக்கின் மேசைக்குப் போகும். “நேற்றுகூடப் பாடியது சார்” என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நாளைக்கு அவர் பொறுப்பில்லை.

நல்ல மெக்கானிக்குக்கு விளம்பரப் பலகை இருக்காது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரிபாகம் விற்கும் சின்னக் கடைகளில் போய், “பழைய ஸ்டீரியோவுக்குக் கண்டன்சர், டிரான்சிஸ்டர் வாங்க வருகிறவர் யாராவது உண்டா?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று கடைகளில் ஒரே பெயர் வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டு மாடியிலோ, டி.வி. பழுதுபார்க்கும் கடையின் பின்பக்கத்திலோ உட்கார்ந்திருப்பார்.

அவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். பழுதான செட்டுக்கு முதன்முதலில் மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் பல்ப் (செட்டுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த வழியில் மாட்டும் குண்டு பல்ப்) போடுவீர்களா? போன பாகத்தை மட்டும் மாற்றுவீர்களா, அது ஏன் போனது என்றும் பார்ப்பீர்களா? கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா? ஐ.சி. (பல பாகங்களை ஒன்றாக அடக்கிய சில்லு) கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு “வேற போர்டு போட்டுடலாம்” என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். உங்கள் ஜப்பான் செட்டின் உடம்புக்குள் முந்நூறு ரூபாய் போர்டு உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

மைக் செட் வேலையும் செய்கிறவரானால் ஆடி மாதத்தில் போகாதீர்கள். அம்மன் கோவில் கூழ் ஊற்றும் நாள்களில் அவருக்கு நிற்க நேரமிருக்காது. சித்திரைத் திருவிழாச் சமயமும் அப்படித்தான். புரட்டாசியில் கல்யாணம் குறைவு. நிதானமாகப் பேசுவார், நிதானமாக வேலையும் பார்ப்பார்.

2. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது என்றால் 14,000 ரூபாய்க்கு மேல் பொருளில் போடாதீர்கள். ஏழெட்டாயிரம் பழுதுக்கு. மீதி வண்டி வாடகை, வயர், ஊசி, டிரான்ஸ்ஃபார்மர் என்று தானாகக் கரையும். “கொஞ்சம் அதிகம் கேட்கிறார், ஆனால் கையில் இருப்பதைப் போட்டால் வந்துவிடும்” என்று முழுப் பணத்தையும் கொடுத்தவர்கள் வீட்டில்தான் செட் அலங்காரப் பொருளாக நிற்கிறது.

பொருளைத் தேடுவதற்கு முன்பே ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். 500 ரூபாயிலிருந்து கிடைக்கும். கூடவே ஒரு டார்ச், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு முழ வயர், போனிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டுக் கொடுக்கும் ஒரு கேபிள். எல்லாம் ஒரு துணிப்பைக்குள் அடங்கும். இந்தப் பை இல்லாமல் எந்த வீட்டுக்கும் பொருள் பார்க்கப் போகாதீர்கள்.

3. எதை வாங்குவது

புதியவருக்கு என் சிபாரிசு: முதலில் ஸ்பீக்கர், அடுத்து ஆம்ப்ளிஃபையர், கடைசியில் ரெக்கார்டு பிளேயர். ஸ்பீக்கர்தான் அறையின் குரல். அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அதுவரை நண்பரிடம் இரவல் வாங்கியாவது ஓட்டலாம்.

மாடலைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்: உங்கள் ஊரில் பழுது பார்க்க முடிகிறதா? நம் நாட்டிலேயே செய்த சோனோடைன், காஸ்மிக், நார்ஜ், பிலிப்ஸ் செட்டுகளை ஜப்பான் மோகத்தில் பலர் ஒதுக்குகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குள் 2என்3055 போன்ற டிரான்சிஸ்டர்தான் இருக்கும். இன்றும் ரிச்சி தெருவில் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். 230 வோல்ட்டுக்கே செய்தவை என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் தொல்லையும் இல்லை. தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஜப்பான் செட்டுகளில் பயனியர், சான்சூயி, யமஹா, மராண்ட்ஸ், கென்வுட், டெக்னிக்ஸ் எல்லாம் நல்ல பெயர்கள்தான். ஆனால் 80களில் வந்த பல மாடல்களில் எஸ்.டி.கே. என்று தொடங்கும் பெரிய கறுப்பு ஐ.சி. ஒன்றுதான் ஸ்பீக்கரை ஓட்டும். அவற்றில் பெரும்பாலானவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. சந்தையில் கிடைப்பதில் போலி ஏராளம். போட்ட ஒரு வாரத்தில் புகைவது இவைதான். எனவே மாடல் எண்ணை இணையத்தில் போட்டு, எஸ்.டி.கே.வா, தனித்தனி டிரான்சிஸ்டரா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தனித்தனி டிரான்சிஸ்டர் என்றால் முன்னுரிமை கொடுங்கள்.

ஸ்பீக்கரில் வாட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 90களின் செட்டுகளில் ‘பி.எம்.பி.ஓ. 1000 வாட்’ என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு ஒரு பொருளும் இல்லை. பார்க்க வேண்டியது உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்று டெசிபல் கணக்கில் சொல்வது. இது 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரட்டிப்பு வாட் வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 15 வாட் ஆம்ப்ளிஃபையர் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தாராளம். பி.பி.சி.க்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ போன்ற புகழ்பெற்ற சின்னப் பெட்டிகள் குரலுக்கு அற்புதமானவை, ஆனால் 83 டெசிபல் அளவில்தான் நிற்கும், விலையோ கண்ணைக் கட்டும். முதல் ஜோடியாக வேண்டாம்.

பித்தளைக் குழாய் வைத்த ‘ஆன்டிக் கிராமபோன்’ பக்கம் போகவே போகாதீர்கள். சுற்றுலாக்காரர்களுக்காகப் புதிதாகச் செய்து பழசாக்கியவைதான் பெரும்பாலும்.

4. எங்கே, எப்போது தேடுவது

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த செட்டுகள் கீழக்கரை, காயல்பட்டினம், ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் இன்னும் உண்டு. சென்னையில் பர்மா பஜாரில் அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வால்வு ரேடியோக்கள் நிறைய வரும், ஸ்டீரியோ எப்போதாவதுதான் வரும். கடைகளைவிட வீடுகளில் வாங்குவதே நல்லது. ஒரே கையில் இருந்த செட்டுக்கு ஒரே கதைதான் இருக்கும்.

போகிக்கு முந்தைய வாரங்களும், பள்ளி ஆண்டு முடிந்து வீடு மாறும் மே மாதமும் நல்ல காலம். இடத்தை அடைக்கிறதே என்று சலித்துக்கொள்பவரிடம் விலை படியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியூரிலிருந்து சரக்கை வரவழைக்காதீர்கள். லாரியின் தார்ப்பாய்க்குக் கீழே நனைந்த பெட்டியைக் காயவைத்தாலும் ஊதிய பலகை பழைய அளவுக்குத் திரும்பாது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும் யோசனை இருந்தால் இப்போதைக்குக் கைவிடுங்கள். பயன்படுத்திய பொருள்களை இறக்குமதி செய்ய அனுமதி வாங்க வேண்டும். கூரியரில் வந்த பார்சல் சுங்கத்தில் நின்றுவிட்டால் பொருளும் போய் நிறுத்தக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

5. கிளம்புவதற்கு முன் போனில்

பின்பக்கத்தின் புகைப்படம் கேளுங்கள். மாடல் எண், சீரியல் எண், வோல்ட் எவ்வளவு என்பது மூன்றும் அதில் தெரியவேண்டும். ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிவிட்டு ஒரு படம். பாடுகிற வீடியோ ஒன்று. இத்தனையும் தயங்காமல் அனுப்புகிறவர் வீட்டுக்கு மட்டும் போங்கள்.

முன்பணம் கொடுக்கவே கூடாது. “ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முகாமிலிருந்து பொருளை வெளியே எடுக்கக் கட்டணம் கட்டுங்கள்” என்பது நாடு முழுவதும் ஓடும் மோசடி. பணத்தைத் திருப்பித் தருகிறேன், கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பார்கள். நமக்குப் பணம் வருவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

6. ஸ்பீக்கரைச் சோதிப்பது

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் காபி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், அவசரப்படாதீர்கள்.

முன்துணியைக் கழற்றுங்கள். பெரிய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது மூன்று வகை. துணி வளையம் மடிப்பு மடிப்பாக இருக்கும், ஐம்பது வருடம் ஆனாலும் கவலையில்லை. ரப்பர் வளையம் பளபளப்பு குறைந்திருக்கும், பெரும்பாலும் பிழைத்திருக்கும். மூன்றாவது ஃபோம். விரல் நுனியால் மெல்லத் தொட்டதும் கறுப்புப் பிசினாக ஒட்டினாலோ பொடியாக உதிர்ந்தாலோ அதுதான் ஃபோம். நம் ஈரக்காற்றில் அது பதினைந்து, இருபது வருடத்துக்கு மேல் தாங்குவதில்லை. உதிர்ந்திருப்பது பொருளை மறுக்கக் காரணம் இல்லை, விலையைக் குறைக்கக் காரணம். ஆனால் உதிர்ந்த நிலையில் சத்தமாக ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். கூம்பு சாய்ந்து, அதன் அடியில் ஒட்டியிருக்கும் கம்பிச் சுருள் உள்ளே உரசிக் கெட்டுப்போகும்.

அடுத்து, இரண்டு கைக் கட்டைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர் பக்கத்தில் வைத்து, சமமாக, அரிசி அளவுக்கு உள்ளே அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சத்தமே வரக்கூடாது. ‘சரக்’ என்று மணல் உரசுகிற சத்தம் கேட்டால் சுருள் காந்தத்தில் இடிக்கிறது. அப்படிப்பட்ட ஸ்பீக்கர் புதிய கூம்பு கேட்கும். செலவு பெரிது.

பிறகு மல்டிமீட்டர். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 அல்லது 3.5. ஒன்றும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. பெட்டியின் பின்புற முனைகளில் அளக்கும்போது பொதுவாக ஊஃபர், அதாவது அடித்தொனி பாடும் பெரிய ஸ்பீக்கர், மட்டுமே மீட்டருக்குத் தெரியும். மேல்சுரம் பாடும் ட்வீட்டருக்கு முன்னால் கண்டன்சர் நிற்பதால் அது உயிரோடு இருக்கிறதா என்று மீட்டர் சொல்லாது. ஆகவே பாட்டு ஓடும்போது ஒவ்வொரு ட்வீட்டருக்கும் அருகில் காதை வைத்துக் கேளுங்கள். ஜால்ராவின் ஓசை இரண்டிலும் ஒரே மாதிரி வரவேண்டும். ஒன்றில் மங்கலாக இருந்தால் கண்டன்சர் காய்ந்திருக்கலாம், அது மலிவான வேலை. ஓசையே இல்லை என்றால் ட்வீட்டர் போயிருக்கலாம், அதே மாடலில் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

1.5 வோல்ட் பேட்டரியைப் பின்புற முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பேட்டரியின் கூட்டல் முனை சிவப்பில் படும்போது கூம்பு வெளியே தள்ளும். இரண்டு பெட்டியும் ஒரே திசையில் தள்ளவேண்டும். ஒன்று உள்ளே இழுத்தால் யாரோ திறந்து வயரை மாற்றிக் கோத்திருக்கிறார்கள் என்று பொருள். சில பழைய மாடல்களில் கம்பெனியே தலைகீழாக வைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதே நமக்கு முக்கியம்.

இனிப் பெட்டி. சென்னையில் வாங்குகிறவர் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்கக்கூடாது. பெட்டியைச் சாய்த்து அடியில் டார்ச் அடியுங்கள். கீழ் ஓரம் ஊதியிருக்கிறதா, திருகாணிகளில் துரு ஒரே உயரத்தில் கோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாலிஷ் போட்டு மேலே மறைக்கலாம், அடியில் யாரும் பாலிஷ் போடுவதில்லை. விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொள்ளலாக மாறினால் கரையான் சாப்பிட்டுவிட்டது. முடிந்தால் அனுமதி கேட்டு ஊஃபரின் நான்கு திருகைக் கழற்றி உள்ளே பாருங்கள். பஞ்சு இருக்கவேண்டும். எலிப் புழுக்கை இருக்கக்கூடாது. இரண்டு ஊஃபரின் பின்பக்கக் காந்தத்திலும் ஒரே முத்திரை, ஒரே எண் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். ஒன்று அசல், மற்றொன்று கார் ஸ்பீக்கர் என்று பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஃபோம் மாற்றும் வேலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மைக் செட் ஸ்பீக்கருக்குக் கூம்பு மாற்றுகிறவர்களிடம் கொடுத்தால் கெட்டியான கூம்பும் விறைப்பான துணி வளையமும் போட்டுத் தந்துவிடுவார்கள். கோவில் திருவிழாவுக்கு அது சரி. உங்கள் ஸ்பீக்கரில் அடித்தொனி காணாமல் போகும். ‘கூம்பைத் தொடாதீர்கள், அதே அளவு ஃபோம் வளையம் மட்டும்’ என்று சொல்லி, ஒட்டும்போது சுருளை நடுவில் நிறுத்துவதற்குத் தாள் செருகுவாரா என்று கேளுங்கள். எப்போதும் இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

7. ஆம்ப்ளிஃபையரைச் சோதிப்பது

முதலில் வோல்ட். பின்னால் 110–120–220–240 என்று சுவிட்ச் இருந்தால் 240இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஜப்பான் உள்நாட்டுச் செட் என்றால் 100 வோல்ட் மட்டும். கடைகளில் கிடைக்கும் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் அதை ஓட்டாதீர்கள். எங்கள் தெருவில் ராத்திரி மின்சாரம் 245ஐத் தொடும். அப்போது அந்த 110, 117 ஆகிவிடும். 100 வோல்ட் செட்டுக்கு இது ஆகாது. 230க்கு 100 என்று சுற்றித்தரச் சொல்லி வாங்குங்கள். செட்டின் பின்னால் போட்டிருக்கும் வாட்டைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாத அளவில் கேளுங்கள். எடை அதிகமாக இருக்கும், விலையும் அதிகம். அதனால்தான் 100 வோல்ட் செட் மலிவாகக் கிடைக்கிறது என்பதை விலை பேசும்போதே மனத்தில் வையுங்கள்.

ஆன் செய்ததும் நல்ல செட்டுகள் பலவும் உடனே பாடாது. மூன்று முதல் ஐந்து நொடி கழித்து ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்சான ரிலே உள்ளே ‘டிக்’ என்று விழும், அதன் பிறகுதான் சத்தம். ரிலே இருக்கிற மாடலில் அந்த டிக் வராவிட்டால் உள்ளே பெரிய பழுது இருக்கலாம். ரிலே வேலைசெய்து, ஸ்பீக்கர் மட்டும் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால் பயப்பட வேண்டாம். தொடுமுனைகள் கறுத்திருக்கும். நம் கடற்கரை ஊர்களில் இது சகஜம்.

ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, மல்டிமீட்டரை மில்லிவோல்ட் டி.சி.யில் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் மெக்கானிக்கைப் பார்க்காமல் நல்ல ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். அது உங்கள் ஊஃபரைக் கொளுத்திவிடும்.

பிறகு ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் தூசி. கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முப்பது முறை திருப்பினால் போய்விடும். சில நூறு ரூபாய் வேலை. இதைச் சாக்காக வைத்து விலையைக் குறையுங்கள், மனம் தளராதீர்கள். பாட்டே இல்லாதபோது ‘ம்ம்ம்’ என்று அடித்தொனியில் முனகல் வந்து, வால்யூமைக் குறைத்தும் போகாவிட்டால் பெரிய ஃபில்டர் கண்டன்சர் காய்ந்திருக்கலாம். அது ஆயிரங்களில் போகும்.

மேல் மூடியைத் திறக்க அனுமதித்தால் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள், எதையும் தொடாமல் பாருங்கள். தலை உப்பிய கண்டன்சர், கருகிய ரெசிஸ்டர், புதிதாகப் பளபளக்கும் பற்றவைப்பு. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. ஒரே ஓரத்தில் மட்டும் புதிய பற்றவைப்பு இருந்தால், “என்ன மாற்றினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். வால்வு ஆம்ப்ளிஃபையர், வால்வு ரேடியோ என்றால் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருநூறு முந்நூறு வோல்ட் தேங்கியிருக்கும்.

8. ரெக்கார்டு பிளேயர்

ஒரு பொறி இங்கே மட்டும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பெல்ட் பிளேயர்களில் பல, மோட்டாரின் வேகத்தை மின்சாரத்தின் நொடிக்கு 60 சுழற்சியிலிருந்து (ஹெர்ட்ஸ்) எடுத்துக்கொள்பவை. நம் மின்சாரம் 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், சுழற்சியை மாற்றாது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டிய தட்டு 28கூடச் சுற்றாது. 5 கட்டையில் பாடிய அம்மையார் 3 கட்டைக்கு இறங்கி ஆண்குரலில் அழுவார். 50க்கான மோட்டார் சக்கரம் தனியாக வாங்கி மாட்டவேண்டும், அது எல்லா மாடலுக்கும் கிடைக்காது. டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 போன்ற நேரடி மோட்டார் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர்ப் பழைய பெட்டி பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சின்னத் தலை) இருக்கும். ஊசி நாலைந்து கிராம் அழுத்தத்தில் தட்டை உழும். நல்ல எல்.பி.க்களை அதில் போடாதீர்கள். இன்றைய மேக்னட் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராமில் ஓடும், ஆனால் அதற்கு ஆம்ப்ளிஃபையரில் ‘போனோ’ என்று எழுதிய இணைப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் தனியாக ஒரு சின்ன ப்ரீ-ஆம்ப் வாங்கவேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேருங்கள்.

ஊசி யார் வீட்டிலிருந்து வந்தாலும் புதிது போடுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, தேய்ந்த ஊசி தட்டைக் கெடுக்கும். பெல்ட்டும் அப்படியே. 78 வேகத் தட்டுகள் இருந்தால் அவற்றுக்கு அகலமான தனி ஊசி. அவற்றை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

9. விலை பேசுவதும் காகிதமும்

கண்ட குறைகளை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் மெக்கானிக் என்ன கேட்பார் என்று போனில் கேட்டுவிட்டு, அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள். குறைகளைச் சொல்லிப் பொருளை மட்டம்தட்ட வேண்டாம். அப்பா ஆசையாக வாங்கிய செட்டை விற்கிறவரிடம் அது எடுபடாது.

ஒரு வெள்ளைத்தாளில் ரசீது வாங்குங்கள். மாடல், இரண்டு பெட்டியின் சீரியல் எண்கள், தொகை, தேதி, விற்பவர் பெயர், கையெழுத்து. திருட்டுப் பொருள் என்று பிறகு யாராவது வந்தால் இதுதான் உங்கள் பாதுகாப்பு. ரொக்கத்தைவிட யு.பி.ஐ. நல்லது, கணக்கில் பதிவாகும். பழைய பில், கையேடு, அசல் அட்டைப்பெட்டி பரணில் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் மெக்கானிக் உங்களைக் கும்பிடுவார்.

10. கொண்டுவருவது

உள்ளூர் என்றால் குட்டி யானை ஒன்றைப் பிடியுங்கள். ஸ்பீக்கர்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் கெட்டி அட்டை, சுற்றிப் பழைய ரஜாய். படுக்கவைத்து ஏற்றினால் மேலே வேறு எதையும் வைக்கக் கூடாது. பிளேயர் உங்கள் மடியில் வரட்டும். அதற்கு முன் சுழலும் தட்டை எடுத்துவிட்டு, ஊசிக் கையைக் கட்டி, அதன் பின்முனையில் இருக்கும் எடையைக் கழற்றி, கண்ணாடி மூடியைத் தனியாகச் சுற்றுங்கள்.

வெளியூரிலிருந்து லாரி பார்சல் என்றால் எல்.ஆர். எனப்படும் லாரி கம்பெனி ரசீதில் பொருளின் விவரமும் மதிப்பும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘வீட்டுச் சாமான், உரிமையாளர் பொறுப்பில்’ என்று மட்டும் எழுதினால் உடைந்தால் கேட்க வழியில்லை. ரயில் பார்சலுக்கு மரச் சட்டம் அடிப்பது அவசியம். அசல் ரசீதும் அடையாள அட்டையும் காட்டினால்தான் எடுக்க முடியும், இலவச நேரம் கடந்தால் ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் ஏறும். ஆகவே வரும் நாளன்று ஊரில் இருங்கள். எப்படி வந்தாலும் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

11. வீட்டில்

வந்த அன்றே மாட்டி அலறவிடாதீர்கள். ஒருநாள் காற்றாட வையுங்கள். சீரிஸ் பல்ப் வைத்து மெக்கானிக் முதலில் ஓட்டிப் பார்க்கட்டும். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில்தான் எல்லாம்.

வயருக்குப் பணம் கொட்டாதீர்கள். மின்சாமான் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பதினைந்து அடி தூரம் வரைக்கும் போதுமானது. ஆயிரக்கணக்கில் வயர் விற்கிறவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஊசி வாங்குங்கள்.

நம் வீடுகளில் உண்மையான எதிரி அறை. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். எந்த ஸ்பீக்கரும் குளியலறைப் பாடகர் ஆகிவிடும். தரையில் கோரைப்பாயோ ஜமக்காளமோ விரியுங்கள். எதிர்ச் சுவரில் கனமான திரை தொங்கட்டும், பக்கச் சுவரில் புத்தக அலமாரி நிற்கட்டும். பெட்டிகளைச் சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி, ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வரும்படி நிறுத்துங்கள். இரண்டு பெட்டியும் நீங்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகள். பாடகர் குரல் நடுவில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வரும்வரை அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். பத்து பைசா செலவில்லாத இந்த வேலைக்குக் கிடைக்கும் பலன் ஐயாயிரம் ரூபாய் செலவழித்தாலும் கிடைக்காது.

60களின் தமிழ்த் திரைப்பாட்டுத் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. ஆம்ப்ளிஃபையரில் ‘மோனோ’ பொத்தான் இருந்தால் அழுத்திவிட்டுக் கேளுங்கள், தட்டின் கீறல் சத்தம் கணிசமாகக் குறையும். போனிலிருந்து கேட்கும்போது ‘ஆக்ஸ்’ அல்லது ‘டேப்’ என்ற இணைப்பில் மாட்டுங்கள். ‘போனோ’வில் மாட்டினால் கரகரத்து அலறும்.

வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா கிடக்கும் செட்தான் நம் ஊரில் சீக்கிரம் கெடுகிறது. மழைக்காலத்தில் மேலே துணி போட்டு மூடிவைப்பதைவிட ஓடவிடுவது நல்லது. ஓடும்போது மேல்மூடியின் காற்றுத் துளைகள்மேல் எதையும் வைக்காதீர்கள், குறிப்பாக வீட்டில் யாராவது ஆசையாகப் பின்னிய லேஸ் விரிப்பை.

பெட்டியின் அடியில் நான்கு சின்ன ரப்பர் குமிழ்களை ஒட்டித் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். வீடு துடைக்கும் தண்ணீரும் கரையானும் அந்த அரை அங்குல இடைவெளியில் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.